அம்மா மண்டபத்தில் எள் தந்த ஐயாவுக்கு

அப்பாவின் வருடம் முடிந்து வந்த முதல் ஆடி அமாவாசை. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்திருந்தேன். புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பா, தாத்தா பெயரைச் சொன்னேன். தாத்தாவின் அப்பா பெயர் தெரியவில்லை. அவ்வளவுதானா ஒரு மனிதர்? நாளை அப்பாவும் இப்படித்தான், நானும் இப்படித்தான் என்று தோன்றியதும் கை நடுங்கி எள்ளெல்லாம் படியில் சிந்தியது.

பக்கத்தில் இருந்த நீங்கள் எதுவும் கேட்கவில்லை. உங்கள் இலையிலிருந்து எள்ளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள். நடுக்கம் நிற்கும்வரை என் கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டீர்கள். அப்புறம் மெதுவாக, "பேர் தெரியலைன்னா பரவாயில்ல தம்பி. தாய், தகப்பன், உறவுன்னு யாருமே இல்லாதவங்களுக்கும் கடைசியில ஒரு கை தண்ணி விடுவோம். நமக்கும் யாராவது விடுவாங்க" என்றீர்கள்.

கடைசியில் புரோகிதர் அதையும் சொல்ல, விட்டேன். எள் காவிரியோடு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

திரும்பிப் பார்த்தபோது நீங்கள் இல்லை. பச்சைக்கரை வேட்டி கட்டிய ஐயா, உங்கள் பேரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். ரொம்ப நன்றி. அடுத்த ஆடி அமாவாசைக்கும் அதே படியில்தான் இருப்பேன்.