தட்டோரம் ஒதுங்கும் காய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. பேத்தி சாம்பாரில் இருக்கும் காயையெல்லாம் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குகிறாள் என்று போனில் புலம்பினாய். பீன்ஸைத் தின்றால் ஐஸ்கிரீம் என்கிறாயாமே, அதை முதலில் விடு. பீன்ஸ் தண்டனை, ஐஸ்கிரீம் கூலி என்றுதான் பிள்ளை மனசில் பதியும்.

புதுக் காயைப் பிள்ளைகள் எடுத்ததுமே ஏற்கமாட்டார்கள். பத்துப் பதினைந்து தடவையாவது நாக்கில் பட்டால்தான் சிலதுக்குப் பழகும். தட்டில் இரண்டு துண்டு வை, பேசாமல் இரு. ஒதுக்கினால் ஒதுக்கட்டும், அடுத்த வாரம் மறுபடி வை. மாப்பிள்ளை கத்தரிக்காயை ஒதுக்குவதையும் அவள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்? அவரிடம் நீயே பக்குவமாகச் சொல். மாமியார் சொன்னதாக வேண்டாம்.

காயும் பழமுமாக ஒரு நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் வராது. உங்கள் வீட்டிலோ பொரியல் என்றாலே உருளைதான்!

வெண்டைக்காய் கொழகொழவென்று இருக்கிறதாம். அவள் சொல்வது நியாயம்தான், நீ அவசரத்தில் ஈரத்தோடு நறுக்குகிறாய். கழுவித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு நறுக்கு. வாணலியை மூடாதே. பாதி வதங்கியதும் ஒரு கரண்டி புளித்த மோர் தெளி, உப்பைக் கடைசியில் போடு. ஞாயிற்றுக்கிழமை அவளையே நறுக்கி வதக்கச் சொல். பதின்மூன்று வயசாகிறது, கத்தி பிடிக்கலாம். தான் செய்ததை ருசி பார்க்காமல் இருக்கமாட்டாள்.

வயசுக்கு வந்த பெண், ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 19 வயசுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. கீரை மட்டும் போதாது; பயறு, மீன், முட்டையும் வேண்டும். முருங்கைக்கீரை வதக்கினால் வேர்க்கடலைப் பொடி தூவி, இறக்கியபின் எலுமிச்சை பிழி. புளிப்பு சேர்ந்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ கொடுக்காதே, அது அந்தச் சத்தைத் தடுக்கும்.

பஸ்ஸில் ஒரு பை போட்டுவிடுகிறேன். முருங்கைக்கீரைப் பொடியும் சுண்டைக்காய் வற்றலும் இருக்கும். வற்றலை இப்போதைக்கு அவளிடம் நீட்டாதே, அது உனக்கு.

அன்புடன்,
அம்மா