குழுப் படத்தில் பிள்ளைகளின் முகம் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறை வந்தாலே சேலத்தில் சிறுவர் கிரிக்கெட், கால்பந்து லீக்குகள் களைகட்டிவிடும். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணிக்கு ஆடிய பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் போட்டோ என்று வந்தால் மட்டும் எல்லா லீக்கும் ஒரே மாதிரி சொதப்புகிறது. கடைசி நாள் இறுதிப் போட்டி முடிந்து, ஜெயித்தவன் குதிக்க, தோற்றவன் அழ, சிறப்பு விருந்தினருக்காக உச்சி வெயிலில் காத்திருந்து, அவர் வந்ததும் நிர்வாகிகளெல்லாம் முன்வரிசை நாற்காலிகளைப் பிடித்துக்கொள்ள, பின்னால் நெருக்கியடித்து நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நெற்றி மட்டும்தான் தெரிகிறது. போன வருடம் என் மகன் ஆடிய லீக்கின் படத்தில் அவன் தோள்பட்டை இருக்கிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவரின் பொன்னாடை.

லீக் நடத்துபவர்களே, போட்டோவுக்கென்று தனியாக ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள், அதுவும் லீக்கின் முதல் வாரத்திலேயே. அப்போதுதான் ஜெர்சி புதுசாக இருக்கும், பையன்களும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். நம் ஊர் ஏப்ரல் வெயிலுக்கு ஏழிலிருந்து எட்டரைக்குள் முடித்துவிடுவது நல்லது. சூரியன் உச்சிக்கு வந்துவிட்டால் கண்ணுக்கடியில் கருநிழல் விழும், தொப்பி போட்டவன் முகமே தெரியாது. சூரியனைப் பார்த்து நிற்க வைத்தால் எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்கள், அதனால் மரநிழலோ கட்டட நிழலோ பார்த்து நிறுத்தலாம். இலைகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக வெயில் விழும் இடம் மட்டும் வேண்டாம். ஏற்காட்டில் கணக்கு வேறு. மேகம் மூடியிருந்தால் பத்து மணிக்குக்கூட முகங்கள் அழகாக வரும், பனிமூட்டம் இறங்கிவிட்டால் பின்வரிசை காணாமல் போய்விடும், அதனால் மாற்று நாள் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

எல்லா அணிகளையும் ஏழு மணிக்கே வரச் சொல்லாதீர்கள். ஓர் அணிக்குக் கால் மணி நேரம் என்று பிரித்து, பத்து வயதுக்குட்பட்டவர்களை முதலில் முடித்து அனுப்பிவிடுங்கள், அவர்களுக்குப் பசி வந்தால் அப்புறம் யார் சொன்னாலும் சிரிக்க மாட்டார்கள். வர வர ஒவ்வொருவரையும் தனியாக எடுத்துக்கொண்டு, அணி சேர்ந்ததும் குழுப் படத்தை நாலைந்து முறை எடுக்கச் சொல்லுங்கள், ஒருவனாவது கண்ணை மூடியிருப்பான். பெயர், ஜெர்சி எண் பட்டியல் கோச் கையில் இருக்கட்டும். என்ன சைஸ், என்ன விலை என்பதை ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு எழுதி அனுப்பலாமே, மைதானத்தில் நின்று பேரம் பேசுவது யாருக்குமே சங்கடம்.

முக்கியமாக, பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், பெயரும் பள்ளியும் போட்டு ஒரு பெண் பிள்ளையின் படத்தை ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவது எந்த விதத்தில் சரி? பெற்றோருக்கு அனுப்பும்போதும் டாகுமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து, பெரிதாகப் பிரிண்ட் போட உதவாது.

பரிசளிப்பு விழாவில் விருந்தினரோடு ஒரு படம் எடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே குழுப் படம் என்று எங்கள் தலையில் கட்டிக் காசு வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து வீரனின் அப்பா,
அழகாபுரம், சேலம்.