சோம்பல் என்று எழுதிவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உடல்நலப் பக்கத்தில் செல்போன் கதிர்வீச்சு பற்றிய கட்டுரையைப் படித்தேன். “ஹெட்செட் மாட்டச் சோம்பல்படுகிறவர்கள்தான் கதிர்வீச்சைக் காதோடு ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள்” என்று அதில் ஒரு வரி. அந்தச் சோம்பல் என்ற சொல் மூன்று நாளாக மனதை அறுக்கிறது.

நான் காசிமேட்டில் விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். வயது 56. ராத்திரி ஏலம் தொடங்கும் முன்பே போன் அடிக்கத் தொடங்கிவிடும். ஐஸ், டீசல், வியாபாரி, படகு முதலாளி என்று விடிவதற்குள் முப்பது நாற்பது அழைப்பு. வலது காது சூடேறினால் இடது காதுக்கு மாற்றுவேன். அந்தச் சூட்டில் பெரும்பகுதி பேட்டரியுடையது என்று எனக்கும் தெரியும். ஹெட்செட்டும் வாங்கினேன், ஒன்றல்ல, மூன்று. உப்புத்தண்ணீரும் மீன் தண்ணீரும் பட்டு ஒன்றுகூட இரண்டு மாதம் தாண்டவில்லை. அது உழைத்தாலும், இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஏலத்தில் நின்றால் விலை கேட்காது, பின்னால் ரிவர்ஸ் வரும் மீன் வண்டியும் தெரியாது. என் அண்ணன் மகன் எண்ணூர் நெடுஞ்சாலையில் இயர்போனோடு நடந்தவன். கன்டெய்னர் லாரியின் ஹாரன் காதில் விழவில்லை. கால் முறிந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தான். மாட்டச் சொல்கிறவர்கள் எங்கே மாட்டக்கூடாது என்றும் சொல்ல வேண்டாமா?

ஹெட்செட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன் ஒரு முழம் விலகினாலே தலையில் படுவது வெகுவாகக் குறையும். ஆனால் விலகிய போன் சட்டைப் பையிலோ இடுப்பிலோதானே போய் உட்காருகிறது? அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம், சிக்னல். எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் என் தங்கை வீட்டுக்குள் ஒரே ஒரு கோடுதான் காட்டும். சிக்னல் குறைந்தால் டவரை எட்டிப் பிடிக்க போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. மொட்டை மாடியில் பேசுவதைவிட அந்த அறைக்குள் பேசும்போதுதான் அதிகம் படுகிறது. எங்கள் தெருவில் டவர் வேண்டாம் என்று மனு கொடுத்தபோது நானும் கையெழுத்துப் போட்டேன். 2012 செப்டம்பர் முதல் டவர்களுக்கான கதிர்வீச்சு வரம்பை சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காக நம் அரசு குறைத்துவிட்டது என்பதும், டவர் தள்ளிப் போகப் போகக் கையிலுள்ள போன்தான் கூடுதலாகக் கக்கும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாதிருக்குமா? 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது’ என்ற வரிசையில்தான் செல்போன் கதிர்வீச்சைச் சேர்த்தது. கட்டுரையோ மூளைக் கட்டி வந்தே தீரும் என்பதுபோல் போகிறது. அதைப் படித்த என் தங்கை, வெளியூரிலிருக்கும் மகளோடு பேசவே பயப்படுகிறாள்.

2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் வலையும் படகும் கறுத்தபோது உங்களுக்குக் கடிதம் எழுதினேன். வரவில்லை. கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை பற்றி எழுதினேன், அதுவும் வரவில்லை. எங்கள் பக்கம் ஒரு கத்திக்குத்து நடந்தால் மட்டும் படத்தோடு வருகிறது. இப்போது சோம்பேறிகள் என்றும் ஆகிவிட்டோம். 27 வருடமாக உங்கள் பத்திரிகை வாங்குகிறவன் என்ற உரிமையில்தான் இதைச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

நான் கேட்பது ஒரு சின்னக் கட்டச் செய்தி. போனில் ஸ்டார், ஹாஷ், பூஜ்யம், ஏழு, ஹாஷ் என்று அழுத்தினால் அந்தப் போனின் எஸ்ஏஆர், அதாவது நம் உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அளவு, திரையில் வரும், நம் நாட்டில் அது ஒரு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக்கூடாது என்று போடுங்கள். சிக்னல் குறைவான இடத்தில் பேச்சைச் சுருக்குங்கள், சாலையிலும் தண்டவாளத்திலும் காதை அடைக்காதீர்கள் என்று இரண்டு வரி சேருங்கள். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். வெட்டி எடுத்து ஏலக்கூடத்துத் தூணில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
காசிமேடு, சென்னை - 13.