தோட்டத்து இராணுவ வீரர்: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் தமது 92ஆம் வயதில் காலமான என் பெரியப்பாவைப் பற்றித் தங்கள் நாளிதழில் படத்துடன் செய்தி வெளியிட்டமைக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி. ஆயினும், அவர் இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டுப் பதக்கம் பெற்றவர் என்று அதில் இருந்தது தவறு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் தரையிறங்கியபோது அவருக்கு வயது எட்டு. கைக்குழந்தையான என் தந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை வாசலில் நின்றவர். செய்தியைப் படித்திருந்தால் அவரே சிரித்திருப்பார்.

அவர் கண்டது, காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுடன் பிரிட்டிஷ் அரசு நடத்திய அவசரகாலப் போர். 1948 ஜூன் 16ஆம் நாள் எங்கள் சுங்கை சிப்புட்டுக்கு அருகே இரு ரப்பர் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் அவசரகாலம் பிரகடனமாயிற்று. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. பால்மரம் வெட்டப் போகிறவர்கள் காட்டிலிருப்போருக்குச் சோறு கொண்டுபோகிறார்களா என்று வேலி வாசலிலேயே சோதித்தார்கள். மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர் மட்டுமே சேர முடிந்த அக்காலத்தில், எல்லா இனத்தவருக்குமாக 1952இல் பெடரேஷன் ரெஜிமெண்ட் தொடங்கப்பட்டது. வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டலாக இருந்த தாத்தாவிடம் சொல்லாமலே பெரியப்பா அதில் சேர்ந்தார். தாத்தா ஆறு மாதம் அவருடன் பேசவில்லையாம்.

1960 முதல் 1963 வரை ஐக்கிய நாட்டு அமைதிப் பணிக்காக மலாயா ஆப்பிரிக்காவின் கொங்கோவுக்கு அனுப்பிய படையிலும் அவர் இருந்தார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களைப் பற்றித் தங்கள் செய்தியில் ஒரு வரியும் இல்லை. பெரியம்மாவுக்கு அப்போது எழுத்து தெரியாது. தோட்டத்து எழுத்தரான கிராணிதான் ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் கேட்க உரக்கப் படிப்பார். அதனால் பெரியப்பா கூரை ஒழுகுகிறதா, ஆடு குட்டி போட்டதா என்பதற்கு மேல் எதையும் எழுதமாட்டார். இந்தக் கூச்சத்தைப் பொறுக்காத பெரியம்மா, அடுத்த வீட்டுப் பிள்ளையின் முதலாம் வகுப்புப் பாடநூலை வைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் விளக்கடியில் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டார். அவர் தம் கையால் எழுதிய முதல் கடிதம் கொங்கோ போய்ச் சேர்ந்த பிறகு வந்த பதில்களில் ஆடு இல்லை. அவற்றை எங்கள் யாருக்கும் படிக்கக் கொடுத்ததும் இல்லை.

ஓய்வூதியத்துக்கு வேண்டிய சேவைக்காலம் நிறையாமலே வெளிவந்தவர், பள்ளிக்கூடமொன்றில் ஜாகா (காவல்காரர்) வேலை பார்த்து ஐந்து பிள்ளைகளைக் கரையேற்றினார். 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிவுற்றதை ஒட்டிய வீரர்கள் தினம் வரும்போதெல்லாம், மைலோ டின்னிலிருந்து பதக்கங்களை எடுத்து, பெரியம்மா குத்துவிளக்கு துலக்கும் புளியாலேயே தேய்ப்பார். ரிப்பன் நனைகிறதே என்று பெரியம்மா கடிந்துகொள்வதும் ஆண்டுதோறும் நடக்கும்.

தாங்கள் அத்தவற்றைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். பெடரேஷன் ரெஜிமெண்டில் தொடக்கத்தில் சேர்ந்தவர்கள் இன்று இருந்தாலும் தொண்ணூறை எட்டியிருப்பார்கள். பேராக் தோட்டங்களிலிருந்து சென்றவர்களின் வீடுகளைத் தேடித் தங்கள் நிருபர் ஒருவர் விரைவில் வருவாராயின், எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம். பதக்கங்களும், கிராணி படித்த காலத்துக் கடிதங்களும் மூத்த பேரனிடம் பத்திரமாக உள்ளன. மற்றவை பெரியம்மாவின் பெட்டியில் இருக்கின்றன, சாவி அவரிடம்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.