காஞ்சன சீதாவில் சீதையைக் காணவில்லை

திருவனந்தபுரத்திலும் புனேயிலும் பழைய மலையாளப் படங்களைக் காக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு சிறிய அமைப்பு ஜி. அரவிந்தனின் 'காஞ்சன சீதா'வைத் திரையிட்டது. ராமாயணம் படிக்கும் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு போனேன். எப்போதோ தொலைக்காட்சியில் ஓடியபோது பதிவு செய்த பிரதியைத்தான் போட்டார்கள். மேல் மூலையில் சேனலின் சின்னம் கடைசி வரை உட்கார்ந்திருந்தது. காடு முழுக்கச் செம்மண் நிறத்தில் இருந்தது. அமைப்பாளர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. எங்கெங்கோ தேடி, கிடைத்ததைப் போட்டார்கள். பாதிப் படம் ஓடியிருக்கும். பக்கத்தில் இருந்த மாணவி மெதுவாக, "சார், சீதை எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. ஏனென்றால் அதற்குள் சீதை பலமுறை வந்து போயிருந்தாள்.

இந்தப் படத்தில் சீதையாக நடிக்க ஆள் கிடையாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராமன் காட்டுக்குள் வந்து நிற்கிறான். காற்றே இல்லாத இடத்தில் ஒரு கிளையின் இலைகள் மட்டும் நடுங்கத் தொடங்குகின்றன. அவன் தலை நிமிர்ந்து பார்க்கிறான். ஆற்றின்மேல் வெளிச்சம் மாறுகிறது, புல் சாய்கிறது, மரங்களுக்குள் ஒரு சலசலப்பு ஓடி அடங்குகிறது. அவள் வந்திருக்கிறாள், கோபமாக இருக்கிறாள், இளகுகிறாள், விலகிப் போகிறாள் என்பதெல்லாம் இந்த அசைவுகளில்தான் இருக்கிறது. வசனத்தில் கிடையாது. ராமன் புருஷன் (ஆன்மா), சீதை பிரகிருதி (இயற்கை) என்ற பழைய தத்துவத்தை அரவிந்தன் யார் வாயிலும் சொல்ல வைக்கவில்லை. இலையைச் சொல்ல வைத்தார்.

இப்போது அந்தப் பிரதியில் இலைக்கு என்ன ஆனது என்று பாருங்கள். 70-களின் ஈஸ்ட்மன் கலர் பிரதிகளில் மூன்று சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. இருட்டுப் பெட்டிக்குள் கிடக்கும்போது நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் போகும். அது போனால் பச்சையே போயிற்று. மிஞ்சுவது சிவப்பும் பழுப்பும். இது பழைய படச்சுருளைத் தொட்டுப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதன்மேல் கோப்பின் அளவைக் குறைக்கிறேன் என்று டிஜிட்டலில் நசுக்கியிருக்கிறார்கள். அசையாத பாறையும் முகமும் ஓரளவு தப்பிவிடும். ஆயிரம் சின்ன இலைகள் ஒரே நேரத்தில் அசைகிற இடத்தைத்தான் அந்த நசுக்கல் முதலில் கைவிடும். இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டம் கட்டமாகிவிடும். ராமன் நிமிர்ந்து பார்க்கும் அந்த இடத்தில் நாங்கள் பார்த்தது பழுப்பு நிறச் சதுரங்கள் நெளிவதை. ராஜீவ் தாராநாத்தின் சரோத் இசைக்கு அடியில் ஓர் இரைச்சல் வேறு. சலசலப்புக்கும் அந்த இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வேறொரு படத்தின் பிரதி இப்படிக் கெட்டுப்போயிருந்தால் நடிகையின் புடவை நிறம் போயிருக்கும். நடிகை இருந்திருப்பார், கதையும் புரிந்திருக்கும். 'காஞ்சன சீதா'வில் பச்சை போனால் சீதையே போய்விடுகிறாள். மிஞ்சுவது, வெறும் காட்டில் எதையோ பார்த்துத் திகைத்து நிற்கும் சில ஆண்கள். "படம் ரொம்ப மெதுவா போகுது சார்" என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. அவர்கள் பார்த்த பிரதியில் ஒன்றுமே நடக்கவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: 'காஞ்சன சீதா'வை முறையாக மீட்டெடுத்து, மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

இது யாரும் மதிக்காமல் ஒதுக்கிய படமும் அல்ல. 1977-ல் வந்தது. சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதை அரவிந்தனுக்கு முதலில் வாங்கிக் கொடுத்தது இந்தப் படம்தான். சி.என். ஸ்ரீகண்டன் நாயரின் நாடகத்தில் இருந்து ராமன் சீதையைக் காட்டுக்கு அனுப்பிய பிறகு நடக்கும் உத்தரகாண்டக் கதையை எடுத்துக்கொண்டார். நாடகத்தின் பேச்சை அநேகமாக எல்லாம் உதிர்த்துவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆந்திராவின் பழங்குடிப் பகுதிகளுக்குப் போனார். ராமனாகவும் லட்சுமணனாகவும் அங்கிருந்த ராம செஞ்சு மக்களையே நடிக்க வைத்தார். தங்களை ராமனின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் மக்கள் அவர்கள். கிரீடமும் நீல மேனியும் பார்த்துப் பழகியவர்களில் சிலர், தெய்வமாக ஆதிவாசியா என்று அன்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தையும் தாங்கி நின்ற படம் இது. பணம் போட்டவர் கொல்லத்து முந்திரி வியாபாரி கே. ரவீந்திரநாதன் நாயர். போட்ட பணம் திரும்பி வருமா என்று கணக்குப் பார்க்கிறவர் இப்படி ஒரு படத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். அவர் தொடர்ந்து 'தம்பு', 'கும்மாட்டி', 'எஸ்தப்பான்', 'போக்குவெயில்' என்று அரவிந்தனோடு நின்றார்.

மீட்டெடுக்க முடியாது என்ற பதில் இனிமேல் செல்லாது. அதே இயக்குநர், அதே தயாரிப்பாளர், அதே ஒளிப்பதிவாளர் சேர்ந்து எடுத்த 'கும்மாட்டி' மீட்கப்பட்டு 2021-ல் இத்தாலியின் பொலோன்யாவில் திரையிடப்பட்டது. 'தம்பு' 2022-ல் கான் திரைப்பட விழாவின் செவ்வியல் பிரிவுக்குப் போனது. இரண்டையும் முன்னின்று செய்தது மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற தனியார் அறக்கட்டளை; வெளிநாட்டு அமைப்புகளும் ஆய்வகங்களும் கை கொடுத்தன. இரண்டுக்குமே மூல நெகட்டிவ் இல்லாமல், மிஞ்சிய பிரதிகளில் இருந்துதான் வேலையை ஆரம்பித்தார்கள். 'கும்மாட்டி'யின் புல்வெளி இப்போது பச்சையாக இருக்கிறது. அது மாதிரி இந்தக் காட்டையும் பச்சையாக்க முடியும்.

ஆனால் காலம் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அரவிந்தன் 1991-லேயே போய்விட்டார். ரவீந்திரநாதன் நாயர் 2023-ல், ராஜீவ் தாராநாத் 2024-ல், ஒளிப்பதிவு செய்த ஷாஜி என். கருண் 2025-ல் காலமானார்கள். அந்தக் காட்டின் பச்சை எவ்வளவு அடர்த்தி, அந்த ஆற்றில் விடிந்து எவ்வளவு நேரமான வெளிச்சம் என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2021-ல் ஷாஜி இருந்தார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்தப் படத்தின் நிறத்தைச் சரி பார்த்திருக்கலாம். அந்த வாய்ப்பு போனது போனதுதான். இதை எழுதும்போது எனக்கு வருகிற கோபத்தை மரியாதைக்காக அடக்கிக்கொள்கிறேன்.

முழுதாக அடக்க முடியவில்லை, மன்னியுங்கள். மலையாள சினிமாவுக்கு இது புதிய இழப்பா என்ன? முதல் படமான 'விகதகுமாரன்' இல்லை. அதை எடுத்த ஜே.சி. டேனியல் எங்கள் மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில்தான் 1975-ல் கண் மூடினார். உயிரோடு இருந்தவரை அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று கேரளத் திரையுலகின் உயரிய விருதுக்கு அவர் பெயர். முதல் பேசும் படம் 'பாலன்', 1938-ல் எங்கள் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. அதுவும் இல்லை. 1933-ன் 'மார்த்தாண்டவர்மா' தப்பியது, புனேயில் இருக்கிறது. அதைக் காப்பாற்றியவர்களை இன்றும் கையெடுத்துக் கும்பிடலாம். அந்தக் காலத்தில் படச்சுருளின் அருமை தெரியாது என்று சமாதானம் சொல்லலாம். 1977-ன் படத்துக்கு அந்தச் சமாதானம் எடுபடாது. நமக்கு அருமை தெரியும். ஆண்டுதோறும் டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் அரவிந்தனின் பெயரைச் சொல்லாத மேடை இல்லை. நினைவுச் சொற்பொழிவு நடக்கிறது, புத்தகம் வருகிறது, அவர் பெயரில் விருதும் கொடுக்கிறார்கள். இந்தப் படம் கேட்கிற கேள்வியே அதுதானே? ஆளைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுப் பொன்னால் ஒரு சிலை செய்து பக்கத்தில் வைத்து யாகம் நடத்தினால், அந்த யாகம் முறையானதா?

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

முதலில் ஒரு விவரம் வேண்டும். 'காஞ்சன சீதா'வின் மூல நெகட்டிவ் எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால் நல்ல நிலையில் 35 மி.மீ. பிரதி எத்தனை, எங்கே, எப்போது கடைசியாகப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்? படச்சுருள் சிதையத் தொடங்கியதைக் காட்டும் வினிகர் வாடை வர ஆரம்பித்துவிட்டதா? இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வெளியிடலாம்.

அடுத்து, 2022-ல் தேசியத் திரைப்படப் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் 2,200 படங்களை மீட்கப் போவதாகவும், அதற்கு ரூ.363 கோடி என்றும் ஒன்றிய அரசு அறிவித்தது. அந்தப் பட்டியலில் 'காஞ்சன சீதா' இருக்கிறதா? இருந்தால் வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது? இல்லாவிட்டால் சேர்ப்பதற்கு யார் கையெழுத்து வேண்டும்? கேரள அரசு கேட்க வேண்டும் என்றால் கேரள அரசு கேட்கட்டும். உரிமை வைத்திருப்பவர்களிடம் பேச வேண்டும் என்றால் பேசுங்கள். மற்ற இரண்டு படங்களுக்கும் பேச முடிந்திருக்கிறது, இதற்கு முடியாதா? புனே திருவனந்தபுரத்தைக் கைகாட்டுவதும், திருவனந்தபுரம் புனேயைக் கைகாட்டுவதுமாக இது இழுபட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன்.

மீட்டெடுத்த பிறகு பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். வெளிநாட்டு விழாவில் ஒரு காட்சி போட்டு, கைதட்டல் வாங்கி, அதோடு நிறுத்துவதிலும் எங்களுக்கு லாபம் இல்லை. கேரள அரசு 2024-ல் சி ஸ்பேஸ் என்று சொந்தமாகவே ஓர் ஓடிடி தளம் தொடங்கியிருக்கிறது. அங்கே போடலாம். கல்லூரிகளுக்கும் திரைப்படச் சங்கங்களுக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டே கொடுக்கலாம், நாங்கள் தருகிறோம். துணைத்தலைப்பு மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் இருக்கட்டும். தெலுங்கு ஏன் என்றால், அந்தக் காடும் அந்த மக்களும் ஆந்திராவுக்குச் சொந்தம். தங்கள் ஊர்க்காரர்கள் ராமனாகவும் லட்சுமணனாகவும் நடந்து போனதைச் செஞ்சுக் குடும்பங்களின் இன்றைய பிள்ளைகள் நல்ல பிரதியில் பார்க்க வேண்டாமா?

2027-ல் படத்துக்கு 50 வயது. அதற்குள் முடிப்பதாக ஒரு தேதி சொல்லுங்கள். கர்க்கடக மாதம் (எங்கள் ஆடி) பிறந்தால் கேரளத்தில் வீட்டுக்கு வீடு எழுத்தச்சனின் ராமாயணம் வாசிக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலும் அந்த வழக்கம் உள்ள வீடுகள் உண்டு. அந்த மாதத்தில் இந்தப் படத்தை வெளியிட்டால் அதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை. படத்தின் முடிவில் ராமன் தனியாக ஆற்றுக்குள் இறங்கிப் போகிறான். அவன் அவளிடம்தான் போகிறான் என்பது, தண்ணீர் தண்ணீராகத் தெரிந்தால் மட்டுமே பார்க்கிறவருக்குப் புரியும்.

மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: 'காஞ்சன சீதா'வை மீட்டுக் கொடுங்கள். உடனே முடியாது என்றால், ஏன் முடியாது, எப்போது முடியும் என்றாவது எழுதுங்கள். பதில் மலையாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நன்றியுடன்,
நாகர்கோவிலில் இருந்து ஒரு தமிழாசிரியர்