யூன் 5இல் கன்று வேண்டாம், வேப்பங்கொட்டை போதும்

கிளிநொச்சி வடக்கு, கிளிநொச்சி தெற்கு, முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா வடக்கு, வவுனியா தெற்கு, மடு வலயக் கல்விப் பணிமனைகளுக்கும் முன்பள்ளி இணைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உலகச் சுற்றாடல் தினத்தில் பள்ளி வளவில் கன்று நட்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது வழமையாகிவிட்டது. யூன் 5 வன்னியில் சோளகம் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற காலம். பெருமழை ஐப்பசியில்தான் தொடங்கும். அதுவரை நாலு மாத வெயில். ஓகஸ்ட் விடுமுறையில் தண்ணீர் ஊற்றவும் ஆளில்லை. திரும்பி வரும் நாலு வயதுப் பிள்ளை காண்பது காய்ந்த குச்சியை. றெஜிபோம் நுரை அட்டையில் வெட்டி ஒட்டிய ‘இயற்கையைக் காப்போம்’ மட்டும் சுவரில் வாடாமல் இருக்கும்.

வடமாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்ததும் மழைக் கணக்கில்தான். நடுகையைக் கார்த்திகைக்குத் தள்ளுங்கள். யூனில் பிள்ளைகள் விதை பொறுக்கட்டும்.

அதற்கு வேம்பைவிட நல்ல மரம் இல்லை. ஆனி, ஆடியில் பழம் மஞ்சளாகி நிலத்தில் கொட்டும். அன்றன்று விழுந்ததைப் பொறுக்கி, சதையைப் பிதுக்கி எடுத்து, மணல் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி உடனே விதையுங்கள். வேப்பங்கொட்டை சில கிழமைகளிலேயே முளைதிறனை இழந்துவிடும். போத்தலில் போட்டு அடுத்த தவணைக்கு வைப்பது வீண். கொட்டையை வாயில் வைக்க விடாதீர்கள், வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

வெறும் பால்மாப் பையின் அடியில் ஐந்தாறு துளை. இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு. பச்சைச் சாணம் போட்டால் வேர் கருகும். கொட்டையைப் படுக்க வைத்து ஒரு சென்றிமீற்றர் மண் மூடினால் போதும். ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் முளைக்கும்.

அதுவரை பிள்ளைகள் பொறுமையாக இருக்கமாட்டார்கள். மூன்றாம் நாளே விரலை விட்டுக் கிண்டுவார்கள். ஏசிப் பயனில்லை. ஒரு ஜாம் போத்தலுக்குள் ஈரத்துணியைச் சுருட்டி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில் நாலு பயறு செருகுங்கள். இரண்டு நாளில் தோல் வெடித்து வெள்ளை வேர் கீழே வளைவதைப் பார்ப்பார்கள். வேப்பம் பையை விட்டுவிடுவார்கள்.

வரட்சியைவிட அன்பாலேயே அதிக நாற்று சாகிறது. இருபது பிள்ளையும் ஊற்றினால் தண்டு அடியில் அழுகிச் சரியும். ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்று முறை போடுங்கள். விரல் நுனியை மண்ணில் வைத்துப் பார்க்கட்டும். ஈரமண் ஒட்டினால் இன்று தண்ணீர் இல்லை. ஒட்டாவிட்டால் அரைத் தம்ளர்.

கார்த்திகையில், மழை மண்ணில் இறங்கிய பிறகு, ஒன்றரை அடிக் குழி. குழியைப் பெரியவர்களே வெட்ட வேண்டும், அதுவும் கண்ணிவெடி அகற்றி முடித்த காணியில் மட்டும். விதை பொறுக்கவும் பிள்ளைகளைப் பற்றைக்குள் அனுப்பாதீர்கள். தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் வந்து சொல்லும் பழக்கம் இந்தப் பாடத்தோடே வரட்டும். பையைக் கிழித்து வெளியே எடுத்துவிட்டு நடுங்கள், பையோடு புதைத்தால் வேர் சுருளும். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கோல் மூடாக்கு. சுற்றிவர வெட்டிய கிளைகளால் அலம்பல் வேலி. ஆடு வேப்பங்கன்றை விடாது. மாசியிலிருந்து கிழமைக்கு இருமுறை ஐந்து லீற்றர் தண்ணீர். சித்திரை, ஓகஸ்ட் விடுமுறைகளுக்குப் பக்கத்து வீட்டுப் பெற்றோர் இருவரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஒரு பள்ளிக்கு ஐந்து கன்று தாராளம். ஐம்பதுக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது.

உங்களிடம் கேட்பது ஒரு சுற்றுநிருபம்: யூன் 5 விதை பொறுக்கல், கார்த்திகை நடுகை. நட்ட அன்று எடுத்த படத்துக்குப் பதிலாக, அடுத்த கார்த்திகையில் உயிரோடு நிற்கும் கன்றுகளின் எண்ணிக்கையைப் பள்ளிகளிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் நாற்றுமேடை வேலை செய்பவர்கள்