புல்வெட்டும் வண்டியின் விளக்கு பற்றி நண்பனுக்கு

கொக்கட்டிச்சோலை,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்த அன்றுதான் எங்கள் வட்டையில் விதைப்பு முடிந்தது. ஒன்ராறியோவில் ஐப்பசி பிறந்தால் வேலையால் வீடு திரும்பும் முன்பே பொழுது பட்டுவிடுகிறது என்றும், ஏறியிருந்து ஓட்டும் உன் புல்வெட்டும் வண்டிக்கு இரண்டு எல்.ஈ.டி. விளக்குகள் வாங்கிப் பழைய மின்குமிழ்கள் இருந்த வயரிலேயே கொழுவியபோது அவை துடித்துத் துடித்து எரிந்தன என்றும் எழுதியிருந்தாய். படுவான்கரையில் லேண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் பிடிக்கிற என்னிடம் இதைக் கேட்பது சரியோ என்று தயங்கியதாகவும் ஒரு வரி இருந்தது. தயங்காதே; சென்ற போகத்தில் இதே வேலையில் ஒரு விளக்கையும், மின்னை ஒரே திசைக்கு மாற்றும் ரெக்ரிபயர் ஒன்றையும் எரித்துவிட்டு இருப்பவன் நான்.

உன் விளக்கில் பிழை இல்லை, அதற்குக் கிடைக்கும் மின்னில்தான் பிழை இருக்கிறது. எஞ்சினை நிறுத்தினால் பழைய மின்குமிழ்களும் அணைந்துவிடும் என்று நீ போகிற போக்கில் எழுதியிருந்த செய்திதான் எனக்கு வழி காட்டியது. பற்றரியிலிருந்து எரியும் விளக்கு எஞ்சின் நின்றாலும் எரிய வேண்டும் அல்லவா? ஆகவே உன் விளக்கு வயர் பற்றரிக்குப் போகவில்லை. எஞ்சினோடு சுழலும் பாரமான பறப்புச் சில்லுக்குக் (பிளைவீல்) கீழே இருக்கும் கம்பிச்சுருளுக்கு நேரே போகிறது. சில்லில் பதித்த காந்தங்கள் சுருளைச் சுற்றி ஓடும்போது பிறப்பது ஆடலோட்டம், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின் (ஏ.சி.). பிறிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்கள் பலவற்றில் இந்தச் சுருளிலிருந்து இரண்டு வயர்கள் வெளியே வரும். சிவப்பு வயரில் மின்னை ஒரு வழியில் மட்டும் விடும் டயோட்டு ஒன்று இருப்பதால் அது ஏறத்தாழ 3 அம்பியர் நேரோட்டத்தை (டி.சி.) பற்றரிக்கு ஏற்றும்; கறுப்பு வயர் ஏறத்தாழ 14 வோல்ற்று, 5 அம்பியர் ஆடலோட்டத்தை விளக்குக்கென்றே கொண்டு வரும். இழை மின்குமிழுக்கு எந்த ஓட்டமானாலும் ஒன்றுதான், ஏனென்றால் அலையின் இடைவெளியில் இழை ஆறிவிடுவதில்லை. எல்.ஈ.டி.யோ தானே ஒரு டயோட்டு. ஒரு திசையில் மட்டும் விடும், மறு திசையில் மறிக்கும். அந்த மறிப்பைத்தான் நீ துடிப்பாகக் காண்கிறாய்.

என் கதையையும் கேள். லேண்ட்மாஸ்டரில் பற்றரியே கிடையாது. கைபிடியால் சுழற்றி எழுப்புகிற எஞ்சின், சில்லுக்குள் ஒரு சுருள், முன்னால் ஒரு மஞ்சள் மின்குமிழ், அவ்வளவுதான். வயல் வாடிக் குடிசையிலிருந்து இருட்டில் வரும்போது ஆனை நிற்பது கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பதற்காகவே ஒரு நல்ல எல்.ஈ.டி. வாங்கினேன். நேரே கொழுவினேன். மெதுவாக ஓடும் வரைக்கும் துடித்தபடி எரிந்தது. மேட்டில் ஏற விசையைக் கூட்டியதும் பளிச்சென்று ஒருமுறை எரிந்து செத்துப்போனது. பிறகுதான் விளங்கியது, அந்தச் சுருளுக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. எஞ்சின் வேகம் கூடக் கூட வோல்ற்றும் கூடும். மின்குமிழ் நிறைய மின்னைக் குடித்ததால்தான் அது அவ்வளவு காலமும் அடங்கி இருந்தது. சிறிதளவே குடிக்கும் எல்.ஈ.டி.யைப் போட்டதும் கடிவாளம் அறுந்த மாடு போலாகிவிட்டது.

இரண்டாம் முறை நான்கு டயோட்டுகள் கொண்ட ரெக்ரிபயர் ஒன்றைப் பூட்டினேன். இங்கே செய்த தவறு நீயும் செய்யக்கூடியது என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன். சுருளின் ஒரு முனை எஞ்சின் உடலிலேயே தொடுக்கப்பட்டிருக்கும். வாகனத்தில் மறைமுனையை, அதாவது மைனஸ் முனையை, உடலில் தொடுப்பதுதானே நம் வழக்கம் என்று ரெக்ரிபயரின் மறைமுனையையும் நான் இரும்புச் சட்டத்தில் முறுக்கிவிட்டேன். அப்படிச் செய்தால் உள்ளே ஒரு டயோட்டு சுருளுக்கு நேர் குறுக்காக நின்று குறுஞ்சுற்றாகிவிடும் (ஷோர்ட்). புகை வந்த பிறகே அது என் மண்டையில் ஏறியது. ரெக்ரிபயருக்குப் பின்னால் வரும் இரண்டு வயர்களும் உடலில் எங்கும் படாமல் விளக்குக்குத் தனியே போக வேண்டும். விளக்கின் அலுமினியக் கூடு மறைமுனையோடு சேர்ந்ததா என்பதையும் மீற்றரால் பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்ந்திருந்தால் இறப்பர் வைத்துத்தான் பூட்டலாம். இப்போது 10 முதல் 30 வோல்ற்று வரை தாங்கும் விளக்கும், வோல்ற்றைக் கட்டுப்படுத்த மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய ரெகுலேற்றர் ஒன்றும் வேலை செய்கின்றன.

உனக்கு இத்தனை பாடு தேவையில்லை, உன்னிடம் பற்றரி இருக்கிறது. கறுப்பு வயரின் முனைக்கு மின் ஒட்டுநாடா சுற்றி அப்படியே விட்டுவிடு. அதனால் சுருளுக்குக் கேடு இல்லை. பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு புது வயர் எடுத்து, முனைக்கு மிக அருகிலேயே 5 அம்பியர் பியூஸ் வைத்து, சாவியைத் திருப்பினால் மட்டும் மின் வரும்படி சுவிச்சுக்குக் கொண்டு போ. ஆனால் நீ வாங்கியவை ஒவ்வொன்றும் 18 வாற்று என்கிறாய். இரண்டும் சேர்ந்தால் 36 வாற்று, அதாவது ஏறத்தாழ 3 அம்பியர். சிவப்பு வயர் கொண்டு வருவது முழுவதையும் விளக்கே உண்டுவிட்டால் பற்றரிக்கு என்ன மிஞ்சும்? ஒரு மாதத்தில் வண்டி எழும்பாமல் கிடக்கும்போது பற்றரி விற்றவனைத் திட்டுவாய். ஆகையால் கடை மாற்றித் தருமென்றால் 9 அல்லது 10 வாற்று விளக்குகளாக மாற்றிவிடு. மாற்றாவிட்டால் ஒன்றை மட்டும் பூட்டு.

பூட்டும் இடத்தைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பழைய விளக்குகள் எஞ்சின் மூடியின் உச்சியில் நேரே முன்னால் பார்த்தபடி இருக்கும், உனக்குத் தெரிய வேண்டியதோ வெட்டிய புல்லும் வெட்டாத புல்லும் சந்திக்கும் கோடு. வெளிச்சம் தாழ இருந்து சாய்வாக விழுந்தால்தான் அந்த விளிம்பில் நிழல் விழும். சேற்று உழவிலும் இப்படித்தான். உயரத்திலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் தண்ணீர் மினுங்குவது தெரியும், சால் தெரியாது. ஒன்றை, வெட்டும் அலகுகளை மூடியிருக்கும் தட்டின் பக்கமாகத் தாழ்த்திப் பூட்டிப் பார். நீல வெள்ளையை விட இளமஞ்சள் நல்லது, கண்ணைக் கூசுவது குறைவு, பூச்சியும் அவ்வளவாக மொய்க்காது. வயர் புகைக்குழாய்க்குக் கிட்டப் போகக் கூடாது. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் இறப்பர் வளையம் போடாவிட்டால் அதிர்வே அதை அறுத்துவிடும். மூடியைத் திறக்கும் இடத்தில் கழற்றிப் பூட்டும் இணைப்பு ஒன்று வைத்தால் பிறகு என்னை வாழ்த்துவாய். வேலை தொடங்கும்போது பற்றரியின் மறைமுனையை முதலில் கழற்று. அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் என் தழும்பு சொல்லச் சொல்கிறது.

விளக்குப் பூட்டிவிட்டாய் என்பதற்காக நடு இரவில் வெட்டக் கிளம்பிவிடாதே. பனி இறங்கிய புல்லில் சரிவு வழுக்கும், அலகு கல்லை எறிந்தால் எங்கே போகிறது என்று எந்த விளக்கும் காட்டாது. மாலை ஒரு மணித்தியாலத்தை நீட்டிக்கொள்ளவும், நீ எழுதியபடி மார்கழியில் பனி தள்ளும் தகட்டைப் பூட்டிக்கொண்டு வாசலைத் துப்புரவாக்கவும் இது உதவும்.

இங்கே குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) மண்டூருக்குப் போய்வரும்போதெல்லாம் உன் நினைவு வருகிறது. பள்ளிக்கூட நாளில் தண்ணீரில் விழுந்த உன் சைக்கிள் டைனமோவைக் காயவைத்து எரிய வைத்தது நான்தானே. மல்ரிமீற்றரை ஆடலோட்டத்தில் வைத்துக் கறுப்பு வயரிலும், நேரோட்டத்தில் வைத்துப் பற்றரியிலும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒருமுறை, முழு வேகத்தில் ஒருமுறை பார்த்து நான்கு எண்களையும் எழுதி அனுப்பு. அது கிடைக்கும் வரை எதையும் வெட்டி ஒட்டாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்.